எண்பதைக் கடந்த குரலும் இருபத்தாறு எழுத்தும்

தோல் வணிகத்தில் நெடுங்காலம் ஈடுபட்டு ஓய்ந்த நண்பர் ஒருவர் சில திங்களுக்கு முன் அஸர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தார். அவருடைய இளைய மகன் லண்டன் மாநகரில் மேற்படிப்புப் படிக்கிறான். அவனைப் பற்றிய கவலையைத்தான் அவர் சுமந்து வந்திருந்தார்.

“ஹஜ்ரத், பையன் ‘பங்க்’ என்று ஏதோ ஒரு பாட்டுக் கூட்டத்துக்குப் போய் வந்தானாம். எண்பது வயதுக் கிழவர் ஒருவர் மேடையில் நின்று கத்துகிறாராம். கீழே ஒருவர் மேல் ஒருவர் மோதிக் குதிக்கிறார்களாம். நீங்கள் இரண்டு வரி கண்டித்து எழுதினால் கேட்பான்.”

எழுத நாம் மறுக்கவில்லை, தவணை கேட்டோம். ஒரு பொருளின் மீது தீர்ப்புக் கூறுவது அப்பொருளை உள்ளத்தில் உருவகித்துக் கொண்டதன் கிளையே என்பது மன்திக் எனும் தருக்கப் பாடத்தில் நமக்கு ஓதிக்கொடுக்கப்பட்ட முதல் விதிகளுள் ஒன்று. அக்குழுவின் இசைப்பதிவுகளையும் மேடை நிகழ்ச்சிகளின் படப்பதிவுகளையும் அந்தப் பிள்ளையே அனுப்பிவைத்தான். மூன்று மாத காலம் அவற்றைக் கேட்டோம், பார்த்தோம். நேரில் சென்று கண்டவர்கள் அல்லோம் என்பதை வாசக நேயர்கள் நினைவிற் கொள்க. கண்டித்து எழுதவேண்டிய கடிதம் இக்கட்டுரையாக மாறிவிட்டது.

குழுவின் பெயர் யுகே சப்ஸ். 1976ஆம் ஆண்டில் லண்டனில் தோன்றியது. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அந்நகரில் எழுந்த இசைப்போக்கிற்கே பங்க் என்று பெயர் வழங்கிற்று. அதற்கு முந்தைய ராக் இசைஞர்கள் பெருஞ்செல்வம் ஈட்டி, பெரிய அரங்குகளின் எட்டாத மேடைகளில் நின்று, நீண்டு செல்லும் வாத்திய வித்தைகளைக் காட்டிக் கொண்டிருந்தனர். வேலையின்றித் தெருவில் நின்ற இளைஞனுக்கு அதில் இடமில்லை. ‘கிட்டாரில் மூன்று பிடிகள் தெரிந்தால் போதும், இரண்டு நிமிடத்தில் சொல்லவந்ததைச் சொல்லிவிட்டு இறங்கு’ என்று அவர்களுக்கு மறுமொழியாக வந்ததே பங்க். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்னும் பெயர்பெற்ற குழு 1978 தொடக்கத்திலேயே கலைந்தது. பிறரும் வேறு வேறு திசைகளிற் சென்றனர். பத்திரிகையாளர்கள் பங்க் இறந்துவிட்டது என்று எழுதிய அந்நாளில், உழைக்கும் மக்களின் பிள்ளைகள் மதுக்கடைகளின் பின்னறைகளிலும் சிற்றரங்குகளிலும் அதனை விடாது நடத்தி வந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் அதற்குத் தெருப் பங்க் என்ற பெயர் நிலைத்தது. அந்த மரபின் மூத்தோருள் வைத்து எண்ணப்படும் குழு இது. கூடும் இடம் நம்மவர் காலெடுத்து வைக்கக்கூடாத இடம் என்பதைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறோம்.

இக்குழுவின் பாடகர் சார்லி ஹார்ப்பர். அவர் பிறந்தது 1944ஆம் ஆண்டு மே மாதம், லண்டனின் ஹாக்னி பகுதியில். குழு தோன்றுமுன் தென் லண்டனில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். நம் ஊர்களில் அத்தொழிலாளரை ‘ஒஸ்தா’ என்று அழைக்கும் வழக்கம் உண்டல்லவா? உஸ்தாத் என்ற சொல்லே அப்படித் தேய்ந்ததென்பர். இந்த ஒஸ்தாவும் ஒரு வகையில் உஸ்தாதாகவே இருந்து வந்திருக்கிறார் என்பது பதிவுகளைக் கேட்கக் கேட்க நமக்குப் புலனாயிற்று. எப்படி என்பதைச் சொல்லவே இவ்வளவும் எழுதுகிறோம்.

நண்பரின் மனத்தை முதலில் உறுத்தியது வயதுதான். எண்பது வயதில் வாலிபக் கோபத்தைப் பாடுவது நடிப்பல்லவா? நியாயமான வினா. பலரும் இவரைப்பற்றிக் கேட்பதும் இதுவே. ஆனால், வினாவை எழுப்புவோர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. 1944இல் பிறந்தவருக்கு 1976இல் வயது முப்பத்திரண்டு. அன்று பங்க் மேடைகளில் ஏறிய மற்றவர்களுள் பெரும்பாலோர் இருபதைத் தொட்டும் தொடாமலும் இருந்தவர்கள். 1980ஆம் ஆண்டில் இக்குழு ‘டீனேஜ்’ என்ற தலைப்பில் ஒரு பாடலை வெளியிட்டது. பதின்பருவத்தைப் பற்றிய அந்தப் பாடலைப் பாடியபோது ஹார்ப்பருக்கு வயது முப்பத்தைந்து! ஆகவே, ‘இளைஞராயிருந்து பாடியவர் முதுமையிலும் அதையே பாடுகிறார்’ என்னும் குற்றச்சாட்டு இவர்மீது ஒட்டாது. இந்தக் கூட்டத்தில் இவர் எந்நாளும் இளைஞராக இருந்ததில்லை. முதல் நாளிலிருந்தே அண்ணன் நிலையில் நின்றவர்.

இதுவே இக்குழுவின் நீண்ட வாழ்வைத் திறக்கும் திறவுகோல் என்று நாம் கருதுகிறோம். தன் கோபத்தைத் தானே பாடியவன், கோபம் தணிந்ததும் மேடையை விட்டு இறங்கினான். பலர் அப்படித்தான் இறங்கினர்; அதில் பிழையுமில்லை. ஹார்ப்பரோ கோபம் கொண்ட பிள்ளைகள் வந்து கூடுவதற்கு ஓர் இடத்தைத் திறந்துவைத்து, அதைப் பூட்டாமல் காத்தவர். பிள்ளைகளுக்கு வயதாகும், புதிய பிள்ளைகள் வருவார்கள். இடத்தைக் காப்பவனுக்கு வயதாவது ஒரு பொருட்டன்று.

இவருடைய இசையின் ஊற்றும் பங்க் அன்று. 1960களில் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் என்னும் வகைகளைப் பாடித் திரிந்தவர். மவுத் ஆர்கன் வாசிப்பவர். அமெரிக்கக் கறுப்பின மக்கள் அடிமைத் தளையின் வழியில் வந்த தம் துயரைப் பாடிய பாட்டே ப்ளூஸ். 1979இல் வந்த இக்குழுவின் முதல் முழு இசைத்தட்டின் பெயர் ‘அனதர் கைண்ட் ஆஃப் ப்ளூஸ்’. மற்றொரு வகை ப்ளூஸ் என்று பொருள். தட்டையே நீல நிறத்தில் வார்த்து விற்றனர். பெயரில் சிலேடையும் இருக்கிறது, ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கிறது. ‘இது புதியதன்று, பழைய துயரப் பாட்டின் வேறொரு கோலம்’ என்று முதல் தட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அதில் பதினேழு பாடல்கள். கார் ஒன்றையே வீடாகக் கொண்டவனைப் பற்றி ஒன்று, உலகப் போரைப் பற்றி ஒன்று, துப்பறியும் காவலரைப் பற்றி ஒன்று. பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்கு அருகிலேயே முடிந்துவிடுகின்றன.

இந்தக் குறுமையைக் குறையாகக் காண்பவர்கள் உண்டு. அரபு யாப்பில் ‘ரஜஸ்’ என்று ஒன்று உண்டு. அடி குறுகியது, நடை துள்ளுவது. ஒட்டகம் ஓட்டுபவனும் களத்தில் நிற்பவனும் நின்ற நிலையில் பாடிவிடக் கூடியது. அதனைக் ‘கவிஞர்களின் கழுதை’ என்று இலக்கண ஆசிரியர்கள் எள்ளினார்கள். எவரும் ஏறிச் செல்லலாம் என்பது அந்த ஏளனத்தின் பொருள். ஆனால், சுமை தூக்க வேண்டிய நாளில் கழுதையே வந்து நின்றது. கஸீதாவின் அளவுகோலைக் கொண்டு ரஜஸை அளக்கப் புகுந்தால் அளப்பவர்தாம் பிழை செய்தவராவார். யுகே சப்ஸின் பாடல்களை வீட்டு நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டபோது நமக்கு அவை மெலிந்தே தோன்றின. முதல் மாதம் முழுவதும் நண்பரின் பக்கமே நம் தீர்ப்பு சாய்ந்திருந்தது.

அதை மாற்றியது ‘க்ராஷ் கோர்ஸ்’ என்ற தட்டு. 1980 மே மாதம் லண்டனின் ரெயின்போ அரங்கில் நடந்த நிகழ்ச்சியை அப்படியே பதிந்தது. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது இது. இக்குழுவின் வேறெந்தத் தட்டும் அவ்வளவு உயரம் எட்டவில்லை. ஒரு குழுவின் தட்டுகளுள் மேடைப் பதிவே மிகுதியாக விரும்பப்பட்டது என்றால் அது தற்செயலன்று. அறையில் பதிந்த தட்டில் தனித்தனித் துண்டுகளாக நின்ற பாடல்கள், மேடையில் ஒன்றன் வாலை மற்றொன்று பற்றிக்கொண்டு ஒரே நெடும்பாட்டாகி விடுகின்றன. ஒன்று முடிந்து கைதட்டுவதற்குள் டிரம் வாசிப்பவர் கோல்களை நான்கு முறை தட்ட, அடுத்தது தொடங்கிவிடுகிறது. பாடலின் உண்மையான நீளம் இரண்டு நிமிடமன்று, ஒரு மாலைப்பொழுது என்பது அப்போது விளங்கிற்று. தட்டில் கேட்பது மூலபாடமென்றும் மேடையில் நிகழ்வது அதன் நகலென்றும் எண்ணிக் கேட்டது நம் பிழை. இங்கே மேடைதான் மூலபாடம்.

‘வார்ஹெட்’ என்னும் பாடலை மட்டும் சற்று நின்று பார்ப்போம். 1980இல் வெளிவந்தது. அமெரிக்காவும் சோவியத் நாடும் அணுகுண்டு தாங்கிய ஏவுகணைகளை எதிரெதிரே நிறுத்தியிருந்த காலம். மற்ற பாடல்கள் ஓட, இது நடக்கிறது. பேஸ் கிட்டார் தனியே, தடித்த ஒலியில், ஒரு சிறு சுற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கத் தொடங்குகிறது. படப்பதிவுகளில் நாம் கண்டது: அந்தச் சுற்று எழுந்த கணமே அரங்கின் குதிப்பு அடங்குகிறது. என்ன வரப்போகிறது என்பது அனைவருக்கும் தெரியும். பாடகர் ஒலிவாங்கியைக் கூட்டத்தை நோக்கி நீட்டுகிறார். ஏவுகணையின் தலைப்பகுதியைக் குறிக்கும் அந்த ஒரு சொல்லை அரங்கமே பாடுகிறது. பாடுபவர்களுள் நரைத்த தலைகளும் உண்டு, மீசை அரும்பாத முகங்களும் உண்டு. 1980இல் பயந்தவன் அந்தப் பயத்தை நினைவுகூர்கிறான். பின்னால் பிறந்தவன் தன் காலத்துப் போர்களை எண்ணிப் பாடுகிறான். சோவியத் நாடு மறைந்து பல்லாண்டுகள் ஆகியும் பாடலுக்கு வேலை தீரவில்லை என்பது பாடலின் பெருமையா, உலகின் சிறுமையா என்று நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

மோதிக் குதிப்பது பற்றியும் ஒரு சொல். முதற்பார்வைக்கு அது கலகமே. நமக்கும் அப்படித்தான் இருந்தது. நண்பரின் மகனிடம் தொலைபேசியில் இதைக் கேட்டோம். “மாமா, நான் கீழே விழுந்துட்டேன். விழுந்த அடுத்த நொடி நாலு கை வந்து தூக்கி நிறுத்திடுச்சு. யாரும் விழுந்தா தூக்கிவிடணும்கிறது அங்கே எழுதாத சட்டம்” என்றான். அவன் சொன்ன பின் பழைய படப்பதிவுகளைத் திரும்பவும் பார்த்தோம். உண்மைதான், முதல் முறை நம் கண் மோதலை மட்டுமே கண்டிருந்தது, தூக்கிய கைகளைக் காணவில்லை. செவியைப் போலவே கண்ணும் முன்முடிவோடு செல்வது. ஆயினும் எல்லாக் கூட்டங்களும் இப்படியே இருந்தன என்று நாம் சான்று கூற வரவில்லை. 1980களின் தெருப் பங்க் கூட்டங்கள் சிலவற்றில் இனவெறிக் கும்பல்கள் புகுந்து அடிதடி செய்தது வரலாறு. அந்த வரலாற்றை அறியாமல் அப்பெயரைக் கேட்டு மயங்குவதும் தவறு.

இனி, தலைப்பில் சொன்ன எழுத்துக் கணக்கு. ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டு தம் தட்டுகளுக்குப் பெயரிட்டது இக்குழு. ஏ எழுத்துக்கு மேற்சொன்ன முதல் தட்டு; பி எழுத்துக்கு 1980இல் ‘பிராண்ட் நியூ ஏஜ்’; சி எழுத்துக்கு ‘க்ராஷ் கோர்ஸ்’. இப்படியே ஆண்டுகள் உருண்டன. எக்ஸ் எழுத்துக்கு என்ன செய்வார்கள் என்று காத்திருந்தவர்களுக்கு, அது இருபத்து நான்காம் எழுத்து என்பதால் உரோமானிய எண்ணில் இருபத்து நான்கு என்றே 2013இல் பெயரிட்டுக் காட்டினார்கள். நாம் வாய்விட்டுச் சிரித்த இடம் அது. 2016இல் கடைசி எழுத்துக்கு ‘ஸீஸோ’. டச்சு மொழியில் ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று வேலை முடித்தவன் கைதட்டிச் சொல்லும் சொல். முதல் எழுத்துக்கு ஹார்ப்பரின் வயது முப்பத்தைந்து. கடைசி எழுத்துக்கு எழுபதுக்கு மேல்.

எழுத்து வரிசையில் நூல் யாப்பது நமக்குப் புதிதன்று. பக்தாதின் இமாம் வித்ரீ அவர்கள் அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் இருபத்தோரு பைத்துகளாகப் பாடிய வித்ரிய்யாவையும், அதற்கு நம் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் இயற்றிய தக்மீஸையும் அறிந்த வீடுகள் நம்மிடையே உண்டு. பொருளால் இரண்டும் வானமும் பூமியும். ஒப்பிட நாம் துணியவில்லை. வடிவத்தைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லலாம். எழுத்து வரிசையை ஏற்றுக்கொண்டவன் முடிவை முன்பே ஒப்புக்கொண்டவன் ஆகிறான். எளிய எழுத்தும் வரும், அரிய எழுத்தும் வரும். எதையும் தாண்டிச் செல்ல முடியாது.

தாண்டாமல் சென்றதன் விலையையும் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். நடு எழுத்துகளுட் சில, எழுத்தை நிரப்பவே வந்தவை போல் நமக்குப் பட்டன. 1997ஆம் ஆண்டில் மட்டும் க்யூ எழுத்துக்கும் ஆர் எழுத்துக்கும் இரண்டு தட்டுகள். ஓராண்டுச் சரக்கை இரண்டு கடையில் விற்றது போன்ற மெலிவு அவற்றில் தெரிகிறது. பி எழுத்து மீண்டும் வந்தது போல ஒலிக்கும் பீ எழுத்துக்கோ, பீபீசி வானொலியில் ஜான் பீல் என்பார் நடத்திய நிகழ்ச்சிக்காக 1978, 79ஆம் ஆண்டுகளில் வாசித்தவற்றையே தொகுத்து வைத்தார்கள். வரிசையைத் தூக்கி நிறுத்தியவை மேடைப் பதிவுகளே. சி எழுத்து ரெயின்போ அரங்கு. ஜி எழுத்து அமெரிக்க மேடை. எல் எழுத்து பாரிஸ் மேடை. புதுப் பாடல் கைக்கு வராதபோதெல்லாம் மேடை கைகொடுத்திருக்கிறது.

குறைகளைச் சொல்லத் தொடங்கியபின் மற்றொன்றையும் மறைப்பதற்கில்லை. போதையை விளையாட்டாகவும் பெண்ணை இழிவாகவும் பேசும் பாடல்கள் இக்குழுவின் பட்டியலில் உண்டு. அவற்றை நாம் பாதியில் நிறுத்தினோம். ‘தெருவில் உள்ளதைத்தானே பாடினார்கள்’ என்னும் வாதம் நமக்கு உடன்பாடன்று. தெருவில் உள்ளதைக் காட்டுவது வேறு, அதனோடு சேர்ந்து சிரிப்பது வேறு. ‘வார்ஹெட்’ பாடிய வாய்க்கு அந்த வேறுபாடு தெரியாமலிருக்க நியாயமில்லை.

இக்குழுவில் வாசித்துச் சென்றவர்களின் பட்டியல் மிக நீளமானது. முதலிலிருந்து கடைசிவரை நின்றவர் ஹார்ப்பர் ஒருவரே. முதல் தட்டுகளில் கிட்டார் வாசித்த நிக்கி காரட் சென்றார், வந்தார், மறுபடி சென்றார். 1980இல் சேர்ந்த பேஸ் கிட்டார்காரர் ஆல்வின் கிப்ஸ் விலகி மீண்டு வந்தவர். பின்னாளில் ரான்சிட் குழுவில் புகழ்பெற்ற லார்ஸ் பிரெடரிக்சன் தம் இளமையில் சிறிது காலம் இவர்களோடு வாசித்துப் பழகியவர். நாம் முன்பு உஸ்தாத் என்றது இதனால்தான். வந்தவர் கற்றார், சென்றார், வேறிடத்தில் நிலைபெற்றார். திண்ணை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. 1982இல் இவர்கள் பாடிய ‘டவுன் ஆன் தி ஃபார்ம்’ என்னும் பாடலை, உலகப் புகழும் பெருஞ்செல்வமும் பெற்ற கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு 1993இல் எடுத்துத் தன் தட்டில் பாடியது. பாடல் மாளிகைக்குச் சென்றது. பாடியவர் சிற்றரங்குகளிலேயே தொடர்ந்தார்.

2025 மார்ச்சு மாதத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லவேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு விழாவில் பாட இக்குழு விமானத்தில் சென்று இறங்கியது. குடிவரவு அதிகாரிகள் ஹார்ப்பரை மட்டும் உள்ளே விட்டனர். கிப்ஸ் உள்ளிட்ட மற்ற மூவரையும் தடுத்துவைத்து, வந்த வழியே திருப்பி அனுப்பினர். எண்பது வயது முதியவர் அந்நிய நகரில் குழுவின்றித் தனியே நின்றார். நிகழ்ச்சி நின்றுவிடும் என்றே எவரும் எண்ணியிருப்பர். அந்த ஊர் இசைஞர்கள் சிலர் முன்வந்தனர். பாடல்கள் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. அவர்கள் வாசிக்க, அவர் பாடினார்.

மூன்று பிடிகளில் அடங்கும் எளிய பாட்டு என்று எள்ளப்பட்டதே, அந்த எளிமை அன்று உதவியது. கடினமான வித்தைக்கு மாற்று ஆள் கிடைப்பதரிது. ஓதத் தெரிந்த எவரும் இமாமுக்குப் பின்னால் நின்று ஆமீன் சொல்லிவிடலாம் என்பது போல, அந்தப் பாடல்கள் முதலிலிருந்தே பிறர் வந்து சேர்ந்துகொள்வதற்கு இடம் விட்டு யாக்கப்பட்டவை. மேடைக்கும் கீழுள்ளோருக்கும் இடையே உயரம் குறைவு என்று தெருப் பங்க்காரர்கள் பெருமை பேசுவதை நாம் வெறும் பேச்சு என்று எண்ணியிருந்தோம். லாஸ் ஏஞ்சலஸ் நிகழ்ச்சிக்குப் பின் அப்படி எண்ண முடியவில்லை.

சென்ற வாரம் நண்பர் மீண்டும் வந்தார். கடிதம் எழுதியாயிற்றா என்று கேட்டார். எழுதிய வரையில் படித்துக் காட்டினோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்படியானால் அவன் மறுபடியும் போகலாம் என்கிறீர்களா, ஹஜ்ரத்?” என்றார்.

போ என்று நாம் சொல்லவில்லை; அந்த இடத்தில் பரிமாறப்படும் பானங்களை நாம் மறந்துவிடவில்லை. பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது; அதை அவனோடு நேரில் பேசுங்கள் என்றோம். அந்த ஒலிபெருக்கிகளின் அருகே நிற்பவன் காதில் பஞ்சாவது அடைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள் என்றோம். மூன்று மாதம் கேட்டதில் நமக்கே இடது காதில் சிறிது இரைச்சல் தங்கியிருக்கிறது.